காலைக் கூட்டத்தில் மயங்கியவளும் ஓட்டத்தில் விழுந்தவளும்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவம் பற்றி அரை மணி நேரம் பேசவேண்டும் என்று செயற்குழு கேட்டபோது, "பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், ஏதாவது சொல்லுங்கள்" என்றார்கள். அவற்றைப் பற்றி இந்தச் சபைக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியது ஒன்றுமில்லை. இங்கே பாதிப் பேரின் கைப்பையில் அந்தக் குளிசைகள் இருக்கின்றன. ஆகவே வேறொன்றைப் பேச அனுமதி கேட்டோம். நரம்பு தூண்டிவிட்டதால் இதயத் துடிப்பு தடம்புரளும் நோய்களும், அவற்றுக்குக் கொடுக்கும் மருந்துகளும்தான் விஷயம். கேட்பதற்குக் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக் கதை போல இருக்கும். ஆனால் இது நமது மைதானத்தில் நடந்த கதை.

1996 டிசம்பரில் சாதாரண தரம் எழுதிய வகுப்பினர் இங்கே ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். எங்களுக்கு மூன்றாவது வாங்கில் யன்னலோரம் யார் இருந்தாள் என்று ஞாபகம் இருக்கும். பெயர் சொல்லப் போவதில்லை. அவளுடைய அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் வந்து போனவள். 1995 இல் இல்ல விளையாட்டுப் போட்டிக்காக 400 மீற்றர் தெரிவு ஓட்டம் வைத்தார்கள். முன்னால் ஓடிக்கொண்டிருந்தவள் இரண்டாவது வளைவில் விழுந்தாள். கால் தடுக்கினால் கையை ஊன்றுவோமே, அப்படி ஊன்றவில்லை. முகம் குப்புற விழுந்தாள். கை கால் இரண்டு தரம் வெட்டி இழுத்தது. ஒரு நிமிடத்துக்குள் எழுந்து உட்கார்ந்து, "ஏன்டி எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?" என்று கேட்டாள். சிரித்தோம். கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்தோம். அதற்கு முந்திய வருடமும் லயத்தில் நாய் துரத்தி ஒருமுறை அப்படி விழுந்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரியவந்தது. கண்ணூறு என்றார்கள். வயசுக்கு வந்த பிள்ளை சுடுகாட்டுப் பக்கம் போயிருக்கும் என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இரத்தம் குறைவு என்று ஓரிடத்தில் சத்துக் குளிசை கொடுத்தார்கள். மறு வருடம் நவம்பரில், புறப்பட்டுவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அந்த முறை எழும்பவில்லை. பரீட்சை அனுமதி அட்டை வந்து அலுவலகத்தில் கிடந்தது.

அதே வருடங்களில் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்கள் எத்தனை பேர்! பெயர் வாசித்தால் இந்த மண்டபத்தில் கால்வாசிப் பேர் எழும்ப வேண்டிவரும். அறிவித்தல்கள் நீள நீள எண்ணிக்கையும் கூடும். (இப்போதைய அதிபர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் சொல்வது அந்தக் காலம்.) அவளையும் அவர்களையும் நாங்கள் ஒரே கணக்கில்தான் சேர்த்தோம். இரண்டும் "மயக்கம்". அந்த ஒரு சொல்தான் பிழை. அது ஏன் பிழை என்பதை மருத்துவக் கல்லூரியில் ஒரு விரிவுரையில் கேட்டபோது, நாங்கள் குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விஞ்ஞான பாடத்தில் பரிவு நரம்பு, பராபரிவு நரம்பு என்று மனனம் செய்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். இதயம் யாரும் சொல்லாமல் தானே துடிக்கும் உறுப்பு. வலது சோணையறையில் இருக்கும் ஒரு சின்னக் கணு தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தாளத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு நரம்புகள் வருகின்றன. மலையில் இரண்டு கங்காணிமார் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் "ஆகட்டும், ஆகட்டும்" என்று விரட்டுகிறவர். அவர்தான் பரிவு நரம்பு. அவருடைய ஏவலாள் அதிரீனலினும் அதன் உறவான நொரதிரீனலினும். மற்றவர் "மெதுவா எடு புள்ள" என்கிறவர். அவர் பராபரிவு, அதிலும் வேகஸ் என்ற நீண்ட நரம்பு. ஓடும்போதும் பயப்படும்போதும் முதலாமவர் கை ஓங்கும். தூங்கும்போதும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இரண்டாமவர்.

நரம்பு எப்படி இதயத்தோடு பேசுகிறது என்பதை ஒட்டோ லோவி என்பவர் 1921 இல் இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவாகியது. அது கிடந்த திரவத்தை எடுத்து மற்ற இதயத்தின் மேல் விட்டார். நரம்பே இல்லாத அதுவும் மெதுவாகியது. ஆக, நரம்பு பேசுவது இரசாயனத்தால். இந்தப் பரிசோதனை தனக்குக் கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் இரவு எழும்பிக் கிறுக்கி வைத்ததைக் காலையில் அவராலேயே வாசிக்க முடியவில்லையாம். எங்கள் கையெழுத்தைக் குறை சொல்லும் பாமசிக்காரருக்கு நாங்கள் சொல்லும் கதை இது. இரசாயனம் என்று தெரிந்த பிறகுதான் அதைத் தடுக்க மருந்து செய்யலாம் என்ற வழி பிறந்தது.

முதலில் காலைக் கூட்டம். பஸ்ஸுக்காக ஐந்து மணிக்கு எழும்பிய பிள்ளை, வெறும் தேத்தண்ணீரோடு வந்து, அசையாமல் நிற்கிறாள். இரத்தம் கால்களில் தேங்குகிறது. ஒரு கட்டத்தில் வேகஸ் நரம்பு மிஞ்சிப் போய்த் துடிப்பு இறங்குகிறது, குழாய்கள் தளர்கின்றன, மூளைக்கு இரத்தம் குறைகிறது. விழுவதற்கு முன் அவளுக்குத் தெரியும்: கண் இருட்டும், காது அடைக்கும், வியர்க்கும், குமட்டும். ஊசியைக் கண்டு விழுவதும், இரத்தம் கண்டு விழுவதும் இந்த வகைதான். விழுந்து படுத்தவுடன் இரத்தம் மூளைக்குத் திரும்பிவிடும். விழுவதே அதற்கு வைத்தியம். ஆகவே தூக்கி நிறுத்தாதீர்கள். நாங்கள் இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து நிறுத்தி வைப்போமே, அதைவிடப் பிழையான உதவி இல்லை. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மறுநாள் முதல் காலையில் ஏதாவது சாப்பிட்டு, இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்து வரச் சொல்லுங்கள். கண் இருட்டும்போது காலைக் குறுக்கே போட்டுத் தொடையை இறுக்கச் சொல்லிக் கொடுங்கள். அநேகமாக மருந்தே வேண்டாம். அடிக்கடி விழுந்து காயப்படுகிற சிலருக்கு ஃப்ளூட்ரோகோர்ட்டிசோன், மிடோட்ரின் போன்றவை உண்டு. துடிப்பை அடக்கும் பீட்டா தடுப்பான்களை ஒரு காலத்தில் இதற்கும் கொடுத்தார்கள். முறையாகப் பரிசோதித்தபோது பயன் தெரியவில்லை.

இனி ஓட்டத்தில் விழுந்தவள். இங்கே விரட்டுகிற கங்காணிதான் காரணம். ஆனால் குற்றம் அவர் மேல் இல்லை. ஏவலைக் கேட்கும் இதயத் தசையில் பிறவியிலேயே ஒரு கோளாறு. இதயத் தசைக்கலத்துக்குள் கல்சியத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு பை இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் கதவு திறந்து மூடும். இந்தப் பிள்ளைகளுக்கு, அதிரீனலின் கூடும்போது கதவு சரியாக மூடாமல் கசியும். கசிந்த கல்சியம் நேரமில்லாத நேரத்தில் துடிப்பைக் கிளப்பும். இதயவறை நிமிடத்துக்கு இருநூறு தரத்துக்கு மேலே தறிகெட்டு அடிக்கும். அப்படி அடித்தால் இரத்தம் வெளியேறாது. பிள்ளை முன்னறிவித்தல் இல்லாமல் விழுவாள். அதிர்ஷ்டம் இருந்தால் இதயம் தானே பழைய தாளத்துக்குத் திரும்பும். அவள் எழும்பி ஏன் சுற்றி நிற்கிறீர்கள் என்று கேட்பாள். இந்த நோயைப் பாரிஸில் ஃபிலிப் கூமெல் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1978 இலும், பின்னர் விரிவாக 1995 இலும் எழுதினார்கள். கதவின் மரபணுவை 2001 இல் கண்டுபிடித்தார்கள். 1995 என்ற வருடத்தைச் சொல்லும்போது எங்களுக்கு எப்போதும் ஒரு மாதிரியாக இருக்கும். அவள் மைதானத்தில் விழுந்த வருடம் அது.

இதில் பெரிய பொறி ஒன்று உண்டு. சும்மா படுக்கவைத்து எடுக்கும் ஈ.சீ.ஜி. சுத்தமாக இருக்கும். ஸ்கேன் செய்தாலும் இதயம் அழகாக இருக்கும். "ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்வது சுலபம். விழும்போது கை கால் வெட்டுவதால் வலிப்பு என்று பெயர் வைப்பதும் சுலபம்.

சில வருடங்களுக்கு முன் மடுல்சீமைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் பதினொரு வயதுப் பிள்ளையைக் கூட்டிவந்தார். ஓரிடத்தில் வலிப்பு என்று சொல்லி இரண்டு வருடமாகக் குளிசை கொடுத்திருந்தார்கள். விழுவது நிற்கவில்லை. எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. நாங்களும் கொப்பியைப் பார்த்து அதே குளிசையைக் கொஞ்சம் கூட்டி எழுதப் போனோம், அதை மறைப்பதற்கில்லை. அந்த அம்மா எழும்பவில்லை. "மிஸ், ஒண்ணு சொல்லட்டுங்களா? இவ சும்மா இருக்கையில விழவே மாட்டா. தூக்கத்துல கெடையாது, டிவி பாக்கையில கெடையாது. ஓடுனா, இல்லாட்டி பயந்தா, அப்பதான் மிஸ்" என்றார். பேனாவை வைத்துவிட்டோம். இருபது வருடத்துக்கு முந்திய மைதானம் கண்ணுக்கு முன் வந்து நின்றது. நோயை அடையாளம் கண்டவர் அந்தக் கொழுந்தெடுக்கும் தாய்தான். நாங்கள் செய்தது, பிள்ளையை இதய நோய் நிபுணரிடம் அனுப்பி, ஓடும் பட்டியில் நடக்கவைத்து ஈ.சீ.ஜி. எடுக்கச் செய்தது மட்டும். நடை வேகமானதும் முதலில் ஒன்றிரண்டு தப்படிகள், பிறகு ஒன்று மேல்நோக்கியும் அடுத்தது கீழ்நோக்கியும் மாறி மாறி வரும் துடிப்புகள் தாளில் விழுந்தன. உடனே நிறுத்தினார்கள். அந்தத் தாளின் பிரதி எங்களிடம் இருக்கிறது.

மருந்து என்ன? பிள்ளைக்கு எழுதியது புரொப்ரனலோல். இங்கே சிலர் தலையாட்டுவது தெரிகிறது. ஒற்றைத் தலைவலிக்கோ, தைரொயிட்டுக்கோ, கை நடுக்கத்துக்கோ அதை நீங்கள் குடித்திருப்பீர்கள். அது வந்த கதை சுவையானது. அதிரீனலின் வந்து குந்தும் ஆசனங்கள் இரண்டு வகை, அல்ஃபா, பீட்டா என்று 1948 இல் அமெரிக்கரான அல்குவிஸ்ட் சொன்னார். அப்போது பெரிதாக எவரும் கேட்கவில்லை. அதைக் கேட்டவர் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். அவர் பிறந்தது 1924, நமது பதுளைக்கு ரயில் வந்த வருடம். ஒரு கார் விபத்தின் அதிர்ச்சிக்குப் பின் அவருடைய தகப்பனார் மாரடைப்பில் இறந்தார். மனம் பதறும்போது அதிரீனலின் இதயத்தைப் போட்டு உலுக்குகிறது. அந்த ஆசனத்தில் வேறொன்றை உட்காரவைத்துவிட்டால் அதிரீனலினுக்கு இடமிருக்காதே என்பது அவருடைய யோசனை. 1960களின் நடுப்பகுதியில் புரொப்ரனலோல் பாவனைக்கு வந்தது. 1988 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் குளிசை மடுல்சீமைப் பிள்ளைக்குக் காசில்லாமல் கிடைப்பதற்குப் பின்னால் நமது மாகாணத்து ஒரு பெயரும் இருக்கிறது. ஊவாவின் பிபிலைக் குடும்பத்தில் வந்த பேராசிரியர் சேனக பிபிலே. மருந்துகளைக் கம்பனிகள் சூட்டும் வர்த்தகப் பெயரில் அல்ல, மருந்தின் சொந்தப் பெயரில் வாங்க வேண்டும், அவசியமானவற்றை மட்டும் வாங்க வேண்டும் என்று வாதாடி, 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர். 1977 இல் கயானாவில் இறந்துவிட்டார். அதே 1977 இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புரொப்ரனலோலும் இருக்கிறது.

மருந்து மலிவு, ஆனால் சுலபமில்லை. புரொப்ரனலோல் சில மணி நேரத்தில் உடம்பிலிருந்து இறங்கிவிடும். சாதாரணக் குளிசையானால் பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில் ஒரு நாளைக்கு மூன்று வேளை கொடுக்கவேண்டும். நடோலோல் என்ற இன்னொரு பீட்டா தடுப்பான் நீண்ட நேரம் நிற்கும். இந்த நோய்க்கு அதைத்தான் நிபுணர்கள் முதலில் விரும்புகிறார்கள். நமது கிளினிக்குகளில் கைக்கு வருவது புரொப்ரனலோல். ஒரு வேளை தவறினால் அந்த நேரத்துக்குக் கதவு காவலில்லாமல் கிடக்கும். திடீரென்று முழுவதாக நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் துள்ளும். குளிசை குடிக்கும் பிள்ளைகள் இறந்துபோன சந்தர்ப்பங்களைப் பார்த்தால், பலவற்றில் மருந்து தோற்கவில்லை, வேளை தவறியிருக்கிறது.

அந்தத் தாய் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காலைக் குளிசை பிரட்டுக்குப் போகுமுன் அவர் கையால். இரவுக் குளிசை சாப்பாட்டோடு. பகல் குளிசைதான் பிரச்சினை. அவர் மலையில், பிள்ளை பாடசாலையில். வகுப்பு டீச்சரிடம் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து வைத்தார். இடைவேளை மணி அடித்தால் டீச்சர் கண்ணால் பார்ப்பார், பிள்ளை வந்து விழுங்கிவிட்டுப் போவாள். மாதம் ஒருமுறை கிளினிக் என்றால் தாய்க்கு அன்று பேர் இல்லை, அதாவது சம்பளம் இல்லை. இரண்டு மாதக் குளிசையைச் சேர்த்து எழுதிக்கொடுப்பது எங்களுக்கு ஒரு கையெழுத்து. அவருக்கு ஒரு நாள் கூலி. இதை எங்களுக்கு எந்தப் புத்தகமும் படிப்பிக்கவில்லை.

2022 இல் நாட்டில் டொலர் இல்லாமல் மருந்துகள் தட்டுப்பட்ட மாதங்கள் உங்களுக்குத் தெரியும். எந்தக் குளிசை எந்தக் கிழமை இருக்கும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அந்த நாட்களில் எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டோம். கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பாமசி பாமசியாக ஏறி இறங்கி, பத்து மில்லிகிராம் அட்டைகளைப் பழைய மாணவியர் அனுப்பிவைத்தீர்கள். அவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தக் குளிசை யாருக்கு என்று அன்று நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

புரொப்ரனலோலுக்கும் வேண்டாத பக்கங்கள் உண்டு. இழுப்பு வருத்தம் உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கும், கொடுக்கக் கூடாது. சீனி வருத்தத்துக்கு ஊசி போடுபவருக்குச் சீனி இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். கை கால் சில்லிடும். பண்டாரவளைக் குளிரில் அது சின்ன விஷயமில்லை. சில பிள்ளைகளுக்குக் கெட்ட கனவு வரும், களைப்பு வரும். தோழி ஒருத்திக்குக் கொடுத்ததென்று நீங்கள் வாங்கிக் குடிக்க வேண்டாம். அது மட்டும் போதாதவர்களுக்கு ஃப்ளெகெய்னைட் சேர்ப்பார்கள். இந்த மருந்தின் பழைய பெயர் நல்லதல்ல: மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இறப்பு கூடியது என்று 1989 இல் வெளிவந்து, மருத்துவ உலகமே அதிர்ந்தது. ஆனால் அந்தக் கல்சியக் கதவின் கசிவை இதே மருந்து குறைக்கும் என்று 2009 இல் தெரிந்தது. நெஞ்சுக்குள் வைக்கும் அதிர்ச்சிக் கருவியும் உண்டு. ஆனால் அது கொடுக்கும் அதிர்ச்சியே பிள்ளையைப் பயமுறுத்தி மேலும் அதிரீனலினைக் கிளப்பலாம். ஆகவே மருந்தைத்தான் முதலில் ஒழுங்காகக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

இதற்குச் சொந்தக்காரன் போல இன்னொரு நோய் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்னேற்றிக்கொள்ள எடுக்கும் நேரம் நீண்டிருக்கும், ஈ.சீ.ஜி.யில் கியூ-ரீ இடைவெளி என்போம். சுமார் 2000 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணிக்கிறார்கள். இவர்களில் ஒரு வகையினர் ஓடும்போது, குறிப்பாக நீந்தும்போது விழுவார்கள். இன்னொரு வகையினர் அலாரம், தொலைபேசி மணி போன்ற திடீர்ச் சத்தத்தில் விழுவார்கள். இவர்களுக்கும் பீட்டா தடுப்பான்தான் முதல் மருந்து. சில மருந்துகள் இவர்களுக்கு ஆகாது: எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின், வாந்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன், குளோரோகுயின் போன்றவை. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை மயங்கி விழுந்தால் இரண்டு தரம் யோசியுங்கள். நோர்வேயில் யேர்வெல், லாங்க-நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் 1957 இல் எழுதியது அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றித்தான். அந்த வகை, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால்தான் வெளிப்படும். கல்சியக் கசிவு நோயிலும் அப்படி ஒரு வகை உண்டு; சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் ஒரு பெதூயின் குலத்தில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டும் வழக்கம் நமது லயங்களிலும் உண்டு, நமது வீடுகளிலும் உண்டு. யாருடைய கல்யாணத்தையும் குறை சொல்ல வரவில்லை. குடும்பத்தில் ஒரு பிள்ளை காரணம் தெரியாமல் இறந்திருந்தால், கூடப்பிறந்தவர்களைப் பரிசோதிக்கச் சொல்கிறோம். அவ்வளவுதான்.

"பிள்ளைகள் கதை இருக்கட்டும், எங்கள் நெஞ்சும் படபடக்கிறதே" என்று மூத்த அக்காமார் தேநீர் நேரத்தில் கேட்கத்தான் போகிறீர்கள். தெமோதரையில் ரயில் பாதை மலையைச் சுற்றி வந்து, தான் விட்டுப்போன ஸ்டேசனுக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழையுமே! சிலருக்கு இதயத்துக்குள் மின்னோட்டம் அப்படியொரு வளையத்தில் மாட்டிக்கொள்ளும். ரயில் வெளியே வந்துவிடும். இது வராது, சுற்றிக்கொண்டே இருக்கும். திடீரென்று தொடங்கும், 180க்கு ஓடும், திடீரென்று நிற்கும். இதற்கு முதல் மருந்து உங்கள் சொந்த வேகஸ் நரம்பு. பத்து மில்லிலீற்றர் சிரிஞ்சின் தண்டு சற்றே நகருமளவுக்குப் பதினைந்து வினாடி ஊதவைத்து, உடனே மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைப் பதினைந்து வினாடி உயர்த்திப் பிடிப்போம். 2015 இல் வெளிவந்த ஒரு ஆங்கிலேய ஆய்வில், இப்படிக் காலைத் தூக்கியபோது நூற்றுக்கு 43 பேருக்கு நின்றது. சும்மா ஊதியவர்களில் 17 பேருக்குத்தான். நிற்காவிட்டால் அடினோசின் ஊசி இருக்கிறது.

இன்னொன்று உங்கள் கணவன்மாருக்கு. இராச்சாப்பாடு மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபிறகு, நடுச்சாமத்தில் சோணையறை படபடவென்று நடுங்கி நாடி ஒழுங்கில்லாமல் போகும் நடுத்தர வயது ஆண்கள் இருக்கிறார்கள். இதுவும் கூமெல் கவனித்ததுதான். வேகஸ் மிஞ்சுவதால் வருவது. பகலில், பதற்றத்தில் வருபவருக்குப் பீட்டா தடுப்பான் உதவும். இரவில் வருபவருக்கு அதுவே நிலைமையைக் கெடுக்கலாம். எப்போது வருகிறது என்று சொல்லாமல் "படபடக்குது டொக்டர்" என்று மட்டும் சொன்னால் பிழையான மருந்தை நாங்கள் எழுதக்கூடும்.

இந்த நடுக்கத்துக்குக் கிடைத்த முதல் நல்ல மருந்துகளில் ஒன்று நமது மலையில் வளர்ந்த மரத்துக்குச் சொந்தம் என்பது பலருக்குத் தெரியாது. வெலிமடையிலிருந்து நுவரெலியா ஏறும் வழியில் ஹக்கலைத் தோட்டத்தை 1861 இல் தொடங்கியது ரோசாப்பூவுக்காக அல்ல, சிங்கோனாவுக்காக. 1869 இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் தென்பட்ட இலை நோய் கோப்பியை அழித்தபோது, தேயிலை வந்து நிலைக்கும் வரை துரைமார் சிங்கோனாவை நட்டார்கள். அதன் பட்டையிலிருந்து கொயினா எடுத்தார்கள். ஒல்லாந்து வியாபாரி ஒருவர் தன் நெஞ்சுப் படபடப்பைக் கொயினாவால் தானே நிறுத்திக்கொள்வதாக மருத்துவர் வெங்கபாக்கிடம் 1912 இல் போய்ச் சொன்னார். அதன் வழியாக 1918 இல் குயினிடின் வந்தது. இன்று அதை அநேகமாக விட்டுவிட்டோம். கியூ-ரீ இடைவெளியை நீட்டி, காப்பாற்ற வந்ததே ஆளை விழுத்தியது உண்டு.

ஆசிரியைகளாக இருக்கும் பழைய மாணவியர் இங்கே அதிகம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை விழுந்தால் மூன்று விஷயங்களைக் கேட்டு ஒரு துண்டில் எழுதித் தாய் கையில் கொடுங்கள். விழுந்தபோது என்ன செய்துகொண்டிருந்தாள்: நின்றாளா, ஓடினாளா, பயந்தாளா? கண் இருட்டியதா, இல்லை ஒன்றும் தெரியாமல் விழுந்தாளா? வீட்டில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்தார்களா? ஓடும்போது அல்லது பயந்து விழுந்தவளை, ஈ.சீ.ஜி. சரியாக இருந்தாலும், அந்தத் துண்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அதுவரை ஓடவிடாதீர்கள். விழுந்தவள் மூச்சு விடாமல் கிடந்தால் சாவிக்கொத்தைத் தேடவேண்டாம். ஒருவர் 1990க்கு அடிக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தரம் அமுக்கவேண்டும். உரை முடிந்ததும் வெளி விறாந்தையில் ஒரு பொம்மை வைத்திருக்கிறோம். எல்லோரும் ஒருதரம் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போகலாம்.

அந்த மடுல்சீமைப் பிள்ளை கடந்த வருடம் சாதாரண தரம் எழுதினாள். இரண்டு வேளை தவறவிட்ட ஒரு நாள் தவிர, பிறகு விழவில்லை. அவளுடைய தம்பியையும் பரிசோதிக்கச் சொன்னோம். ஒருநாளும் விழாதவன், ஓடித் திரிகிறவன், தோட்டத்துக் கிரிக்கெட் அணியில் முதல் பந்து போடுகிறவன். பட்டியில் நடக்கவைத்தபோது அதே துடிப்புகள் வந்தன. அவனும் இப்போது குளிசை குடிக்கிறான். பந்து போடக் கூடாது என்று நாங்கள் சொன்ன நாளிலிருந்து எங்களோடு கதைப்பதில்லை. கிளினிக்குக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அணிக்கு ஸ்கோர் எழுதுகிறானாம், அம்மாதான் சொன்னார்.